தாத்தாவின் கேசட்டில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கிறது: எது அசல் படம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். காலஞ்சென்ற தாத்தாவின் வீட்டைக் காலி செய்தபோது 1980களில் சேர்த்த தமிழ்ப்பட வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. அவற்றோடு துருப்பிடித்த தகர டப்பா ஒன்றில் ஃபிலிம் சுருளும் இருந்தது. 1960களில் வெளியான ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தின் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். இணையத்தில் முழுப் படம் என்று கிடைக்கும் பிரதியில் இல்லாத ஒரு சரணமும், அதைத் தொட்டு வரும் ஒரு சிறு காட்சியும் கேசட்டில் இருக்கின்றன. ஆனால் கேசட் 2 மணி 46 நிமிடத்தில் முடிகிறது, இணையப் பிரதியோ 2 மணி 50 நிமிடம் ஓடுகிறது. கூடுதலாகக் காட்சி உள்ள பிரதி எப்படிக் குறைந்த நேரத்தில் முடியும், இரண்டில் எது அசல், வீட்டில் எல்லோரும் சொல்வதுபோல் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். மற்றவற்றுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'அசல்' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் கேள்வி.

சென்னையில் ஒரு ஃபிலிம் லேபில், மூல ஃபிலிமான நெகடிவை வெட்டி ஒட்டும் பிரிவிலும், அதிலிருந்து கொட்டகைகளுக்கு அடிக்கும் பிரிண்டுகளைச் சரிபார்க்கும் பிரிவிலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். டர்பனுக்கு வந்து குடியேறிய பிறகு, இங்குள்ள குடும்பங்களும் சங்கங்களும் கொண்டுவரும் பழைய சுருள்களையும் கேசட்டுகளையும் பார்த்துச் சொல்வது, வேலையாக இல்லாவிட்டாலும், விடாத பழக்கமாகவே இருந்து வருகிறது. உங்கள் பெட்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை, படத்தின் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

ஓட்ட நேரக் கணக்கு உறுதியானது. திரையரங்கில் படம் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் ஓடுகிறது. இந்தியாவைப் போலவே தென்னாப்பிரிக்காவும் பின்பற்றிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டங்கள். ஃபிலிமிலிருந்து வீடியோவுக்கு மாற்றியவர்கள் பெரும்பாலும் படத்தை அப்படியே 25க்கு ஓட்டிவிட்டார்கள். அதனால் சரியாக 3 மணி நேரம் ஓட வேண்டிய படம், ஒரு சட்டம்கூட வெட்டப்படாமலே, 172 நிமிடம் 48 விநாடியில் முடிந்துவிடும். உங்கள் கேசட்டின் 166 நிமிடத்தைத் திரையரங்க வேகத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 173 நிமிடம் வரும். இணையப் பிரதி 24 சட்ட வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், குறைவது கேசட் அன்று, இணையப் பிரதிதான். அதுவும் சுமார் 3 நிமிடம். ஒரு சரணத்துக்கும் ஒரு சிறு காட்சிக்கும் அந்தக் கணக்கு பொருந்துகிறது. இதைக் காதாலும் சோதிக்கலாம். வேகம் கூடும்போது சுருதியும் ஏறும். ஒரு கட்டையில் பதிவான பாட்டு, ஒன்றரைக் கட்டையை எட்டாமல், அதன் அருகே போய் நிற்கும். கோயிலில் தேவாரம் பாடுபவர்கள் யாரிடமாவது சுருதிப் பெட்டி இருந்தால் இரண்டு பிரதிகளிலும் அதே பாட்டின் ஆதார சுருதியை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இணையப் பிரதியும் ஏதோ ஒரு வீடியோவிலிருந்து வந்தது என்று பொருள், அப்போது என் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்ததாக, இந்தியப் படங்களுக்கு ஒரு நல்ல சாட்சி படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. எல்லோரும் வேகமாக ஓட்டிவிடும் தணிக்கைச் சான்றிதழ்தான் அது. அதில் படத்தின் நீளமும் ரீல்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் சொன்னால் 27.4. சான்றிதழில் 15,750 அடி என்று இருந்தால் படம் 175 நிமிடம் ஓட வேண்டும். சான்றிதழின் கீழ் மூலையில் ஒரு முக்கோணம் வரையப்பட்டிருந்தால், தணிக்கையில் ஏதோ வெட்டப்பட்டது என்பதற்கு அது அடையாளம். தேதியையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு மறுபடி வெளியிட வேண்டுமானால் புதிதாக வாங்க வேண்டும். 1960களின் படத்தில் 1970களின் தேதியோடு சான்றிதழ் இருந்தால், உங்கள் கையில் இருப்பது மறுவெளியீட்டுப் பிரதியின் வழி வந்தது. அந்த நீளம் முதல் வெளியீட்டின் நீளமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நெகடிவ் பத்திரமாக இருந்தால் அசலும் பத்திரமாக இருக்கிறது என்று ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். லேபுக்குள் போகும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நாள், வேறொரு வேலைக்காக, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய படத்தின் நெகடிவ் எங்கள் மேசைக்கு வந்தது. கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசை. இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை. இடக்கையால் சுற்றி, வலக்கையால் ஃபிலிமின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பாட்டு வரும் ரீலில் விரல் ஓரிடத்தில் தட்டியது. பார்த்தால் ஓர் ஒட்டு. முதல் சரணத்தின் முடிவுக்கு அடுத்து நேராகக் கடைசிப் பல்லவி நிற்கிறது. இரண்டாம் சரணம் இருந்த இடத்தில் ஒரு மயிரிழை அகலத்துக்கு ஃபிலிம் சிமெண்ட் மட்டும் இருந்தது. மறுவெளியீட்டுக்காகப் படத்தைச் சுருக்கச் சொன்னபோது, பிரிண்டில் வெட்டாமல் நெகடிவிலேயே கத்திரி வைத்துவிட்டார்கள். வெட்டிய துண்டு எந்த டப்பாவிலும் இல்லை. மூத்தவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'இது எல்லாப் படத்துக்கும் நடக்கிறதுதானே தம்பி' என்றார். அன்று முதல், 'ஒரிஜினல் நெகடிவிலிருந்து எடுத்தது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த நெகடிவ் எந்த ஆண்டின் நிலையில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கேதான் நம் டர்பன் உள்ளே வருகிறது. 1946இல் இந்திய அரசு தென்னாப்பிரிக்காவின் மீது வணிகத் தடை விதித்தது; 1990களின் தொடக்கம் வரை அது நீடித்தது. அப்படியிருந்தும் அவலான், ராஜ், நாஸ், 1956இல் திறந்த ஷா ஜெஹான் என்று, கிரே தெருவையும் விக்டோரியா தெருவையும் சுற்றியிருந்த கொட்டகைகளில் இந்தியப் படங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வந்த பெட்டிகள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடல் தாண்டி வந்த பிரிண்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது முதல் வெளியீட்டை ஒட்டி அடிக்கப்பட்டது. ஊரில் பின்னால் நெகடிவில் வெட்டியது அதற்குத் தெரியாது. டர்பனில் ஓடி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய், டோங்காட், ஸ்டேங்கர் கொட்டகைகளில் கீறல் வாங்கி, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் கராஜில் தங்கிவிட்டது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் மக்களை நகரத்திலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் பெயர்த்தபோது, பயாஸ்கோப்புகளும் ஒவ்வொன்றாகப் பார்வையாளர்களை இழந்தன, பெட்டிகளைக் கேட்பாரில்லை.

தொலைவில் ஒதுங்கிய பிரதி, மூலத்தைவிட முழுமையாக இருக்கும் என்பது வெறும் ஆசைக் கணக்கன்று. 1927இல் வந்த ஜெர்மன் மௌனப் படமான மெட்ரோபொலிஸ் வெளியான சில மாதங்களிலேயே சுருக்கப்பட்டு, வெட்டிய பகுதிகள் தொலைந்தே போய்விட்டன என்று எண்பது ஆண்டுகள் நம்பினார்கள். 2008இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் உள்ள ஒரு திரைப்பட அருங்காட்சியகத்தில், 16 மில்லிமீட்டரில் எடுத்த, கீறல் மண்டிய ஒரு நகலில் ஏறக்குறைய 25 நிமிடக் காட்சிகள் கிடைத்தன. 2010இல் அவற்றைச் சேர்த்து வெளியிட்டார்கள். இன்றும் அந்தப் படத்தில் கீறல் விழுந்த பகுதி வரும்போது, அது அர்ஜென்டினாவிலிருந்து திரும்பி வந்த பகுதி என்று கண்ணுக்கே தெரியும். நமக்கோ இழப்பு இன்னும் பெரியது. 1931 அக்டோபரில் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. பி.கே. நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பெட்டி பெட்டியாகச் சேர்க்கத் தொடங்கியபோது, பல படங்கள் ஏற்கெனவே மக்கிப் போயிருந்தன.

ஆனால் இங்கிருப்பதெல்லாம் முழுமையானது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த நாட்டிலும் தனித் தணிக்கைக் குழு இருந்தது. அதன் கத்திரி தனி. ஃபிலிம் ஓடும்போது அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு மூன்று சட்டங்களை வெட்டிவிட்டுத்தான் ஒட்டுவார். ஐம்பது முறை அறுந்த ரீலில் வசனம் தாவித் தாவித்தான் கேட்கும். கேசட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. இ-180 என்று குறியிட்ட கேசட்டில் 180 நிமிடம்தான் பிடிக்கும். படம் அதைவிட நீண்டால், கேசட் தயாரித்தவர்கள் ஒரு பாட்டையோ நகைச்சுவைப் பகுதியையோ எடுத்துவிட்டு ஒரே கேசட்டில் முடித்துவிடுவார்கள். உங்கள் படம் அந்த வரம்புக்குள் இருப்பதால் அந்தக் காரணத்துக்காக வெட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், இது ஊகம்தான். அந்தக் கேசட் எந்தப் பிரிண்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை, சான்றிதழையும் ரீல் மாறும் இடங்களையும் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அந்தப் புள்ளிகளுக்கிடையே உள்ள நேரம் எங்காவது வழக்கத்துக்கு மாறாகக் குறுகினால், அந்த ரீலில் ஏதோ போயிருக்கிறது.

நீங்கள் சொல்லும் சரணம் முதல் வெளியீட்டில் இருந்ததா என்பதற்கு ஃபிலிமுக்கு வெளியேயும் சாட்சி தேடலாம். இதற்கு மிகச் சிறந்தது அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற, கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் அந்தத் துண்டுப் புத்தகங்களில் எல்லாச் சரணங்களும் அச்சாகியிருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவை சேகரிக்கப்பட்டிருக்கின்றன. இசைத்தட்டு அவ்வளவு நல்ல சாட்சி அன்று. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். ஆகவே படத்தில் மூன்று சரணம் இருந்தாலும் தட்டில் இரண்டோடு முடித்துவிடுவது வழக்கம். இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். சில ஆண்டுகளுக்கு முன் மெரிபேங்கில் ஒரு சங்கத்தில் பழைய படம் ஒன்றைத் திரையிட்டோம். தமிழ் பேச வராத, ஆங்கிலத்திலேயே வாழ்ந்த எழுபது வயது கடந்த ஓர் அம்மா, பாட்டு முடிந்து காட்சி மாறிய பின்னும் பாடிக்கொண்டே இருந்தார். நான் அருகில் போய்க் கேட்டபோது, 'இன்னும் ஒரு வெர்ஸ் இருக்குதே' என்றார். தன் தாயார் மடியில் உட்கார்ந்து விக்டோரியா தெருப் பயாஸ்கோப்பில் கேட்டதாம். பொருள் தெரியாமலே மனப்பாடமாயிருந்த அந்த நான்கு வரிகள் இசைத்தட்டில் இல்லை. வானொலி பெரும்பாலும் தட்டைத்தானே ஒலிபரப்பியது. ஆகவே அவர் படத்தில்தான் கேட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். பின்னர் பாட்டுப் புத்தகம் ஒன்றின் நகல் கிடைத்தபோது, இரண்டு சொற்கள் மட்டும் மாறி, அந்த நான்கு வரிகளும் அதில் இருந்தன. நினைவை மட்டும் நம்பி ஒரு படத்தின் நீளத்தை முடிவுசெய்ய முடியாது. நினைவும் அச்சும் ஒன்றையே சொன்னால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. உங்கள் குடும்பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, படத்தைப் போடாமல் பாட்டை மட்டும் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

புதுப்பித்த பிரதி ஒன்று வந்துவிட்டால் பழையதெல்லாம் எதற்கு என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புதுப்பித்தல் நல்ல காரியம்; அதில் எனக்கு ஐயமே இல்லை. 1964இல் வந்த கர்ணன் 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது, அதைப் பெரிய திரையில் பார்த்தே இராத ஒரு தலைமுறை கொட்டகைக்கு வந்தது. அந்த வெற்றிக்குப் பின்னர்தான் மற்ற பழைய படங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் புதுப்பித்தல் என்ற பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. கீறலையும் அழுக்கையும் நீக்குவது ஒன்று. படத்தின் வடிவத்தை மாற்றுவது இன்னொன்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவும் அகலத்திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஓடினால், ஒன்று படத்தை இழுத்து அகலப்படுத்தியிருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். பழைய சட்டத்தின் வடிவம் ஏறக்குறைய சதுரத்தை ஒட்டியது. அதை ஸ்கோப்புக்கு வெட்டினால் உயரத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். பரதநாட்டியக் காட்சியை அப்படிப் பார்க்க நேரும்போது என் மனம் பதறுகிறது. சலங்கை ஒலிக்கிறது, காலைக் காணோம். அந்த அடவைப் பிடிக்கத்தானே அன்று கேமராவை அத்தனை தூரம் தள்ளி வைத்தார்கள்! ஒலியிலும் இதுதான் நடக்கிறது; ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியை, பல தடங்களில் சுற்றிலும் ஒலிக்கும் 5.1 ஆக்க, புதிதாக வாள் மோதலும் இடியும் சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும்; பழைய ஒற்றைத் தடத்தையும் அதே வட்டில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் குறையில்லை.

மூன்றாவது வேலைதான் எனக்கு அச்சம் தருவது. கணினியின் செயற்கை நுண்ணறிவு மங்கலான படத்தைத் தெளிவாக்கும்போது, இல்லாத விவரத்தைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. நாகேஷ் அவர்களின் முகத்து அம்மை வடுக்கள் எல்லோரும் அறிந்தவை. அந்த முகத்தோடுதான் அவர் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தார். அண்மையில் இணையத்தில் பார்த்த ஒரு 'தெளிவான' பிரதியில் அந்த வடுக்களைக் காணவில்லை. மெழுகு பூசியதுபோல் வேறொருவர் முகம் இருந்தது. முகத்தோடு இது நிற்கவில்லை. 2013இல் வந்த ராஞ்சனா என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான அம்பிகாபதியை, 2025 ஆகஸ்டில், உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி மறுபடி வெளியிட்டது. இறக்க வேண்டிய நாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படைத்தவரே மாற்றினால் மட்டும் சரியா என்றால், அதிலும் ரசிகர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பழைய படங்களுக்கு வண்ணம் பூசி மாற்றுவதை எதிர்த்துப் பேசினார்; அவரே 1997இல் தம் ஸ்டார் வார்ஸ் படங்களில் கணினி உருவங்களையும் புதிய காட்சிகளையும் சேர்த்தார். 1977இல் மக்கள் பார்த்த வடிவத்தை வீட்டில் பார்ப்பதற்காக 2006இல் ஒரு முறை, பழைய லேசர் வட்டுக்காகச் செய்த பிரதியிலிருந்து எடுத்து, டிவிடியின் இணைப்பாகக் கொடுத்ததோடு சரி. அதனால் ரசிகர்களே கொட்டகைப் பிரிண்டுகளைத் தேடிப் பிடித்து, சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். இயக்குநருக்குத் தம் படத்தை மாற்ற உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் மக்கள் பார்த்து வளர்ந்த வடிவத்தைப் பார்க்கவே முடியாதபடி எடுத்துவிடும் உரிமை அவருக்கும் இல்லை.

படக்கதை வாசகர்கள் இதில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். சிவகாசியிலிருந்து வந்த பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களை வைத்திருப்பவர், மறுபதிப்பில் வண்ணமோ வசனமோ மாறினால் பழைய தாளை எடுத்து வைத்து ஒப்பிட்டுவிடலாம். படத்துக்கு அந்தத் தாள் உங்கள் தாத்தாவின் பெட்டியில் இருப்பது போன்ற கேசட்டும் சுருளும்தான்.

இனி அந்தத் தகர டப்பா. அதைக் காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே, மெல்லத் திறங்கள். காடி வாடை, அதாவது வினிகர் நாற்றம் அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிதைவில் வெளியாகும் அமிலமே சிதைவை மேலும் வேகமாக்கும். ஆகவே அந்த டப்பாவை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கக் கூடாது. 21 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புது அசிட்டேட் ஃபிலிம் அந்த நிலையை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். டர்பனின் கோடை இரண்டிலும் அதைத் தாண்டிவிடும். மேட்டு நிலமும் வறண்ட காற்றும் உள்ள, ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் உறவினர் யாரேனும் இருந்தால், சுருளை அவர் வீட்டில் வைப்பதே அதற்குச் சில ஆண்டுகள் ஆயுள் கூட்டும். ஃபிலிமின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் தெரிந்தால் அது எளிதில் தீப்பிடிக்காத வகை. அந்தச் சொல் இல்லாமல், 1951க்கு முந்தையதாகவும் தோன்றினால் அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும். உடனே மூடி, வெப்பமும் நெருப்பும் இல்லாத இடத்தில் தனியே வைத்துவிட்டு, பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட, ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். எந்த வகையானாலும் பழைய புரொஜக்டரில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் பல்சக்கரத்தில் உட்காரா. ஒரு நிமிடத்தில் தொண்ணூறு அடி கிழிந்துவிடும். அப்படிக் கிழித்தவர்கள் கண்ணீரோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கேசட்டைப் பொறுத்தவரை, இனி அதை ஆசைக்குப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். கேசட்டின் சிறு சன்னல் வழியே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூசணம். சுத்தம் செய்யாமல் ஓட்டினால் இயந்திரத்தின் தலையும் கெடும், அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். மாற்றித் தரும் கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 720க்கு 576 என்ற அதன் இயல்பான அளவிலேயே, எதையும் கூர்மையாக்காமல், படத்தின் புள்ளி இரைச்சலை வடிகட்டாமல், பக்கங்களை வெட்டாமல் எடுக்க வேண்டும். எஃப்எஃப்வி1 (FFV1) போன்ற இழப்பில்லாத வடிவத்தில் ஒரு கோப்பு கட்டாயம் வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 ஜிபி வரை வரலாம். வீட்டில் பார்க்கச் சிறிய கோப்பு வேறாக எடுத்துக்கொள்ளலாம். உறையின் மேல் உள்ள வாடகைக் கடை ஒட்டுத்தாள், தாத்தாவின் கையெழுத்து, தேதி ஆகியவற்றை நிழற்படம் எடுத்து அந்தக் கோப்போடு வையுங்கள். எந்தப் பிரிண்ட் எங்கே ஓடியது என்று பின்னால் ஒருவர் தேடும்போது அவைதான் வழிகாட்டும். அந்தக் காட்சியை இணையத்தில் ஏற்றும் முன் உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள். இந்தியச் சட்டப்படி படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். உங்கள் படம் அந்த எல்லையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது வெளியான ஆண்டைப் பொறுத்தது.

படத்தின் பெயரையும், கேசட்டின் தொடக்கத்தில் சான்றிதழ் தெரியும் அந்தச் சில விநாடிகளின் படத்தையும் அனுப்பினால், நீளத்தைக் கணக்கிட்டு, உங்கள் பிரதியில் எத்தனை நிமிடம் குறைகிறது என்பதைச் சொல்கிறேன். பாட்டுப் புத்தகத்துக்கு நான் சென்னைக்கு எழுதிக் கேட்கிறேன்.